ஏழாம் கேள்வி

இரவு பத்தே முக்காலுக்கு
ஒஹாயோவில் யாரோ என்னிடம்
பன்னிரண்டு பனிமனிதர்களை வாங்கினார்கள்.
எண்ணி வட்டமிடுக. மூக்குக்கு நிறம் தீட்டுக.
மூன்று டொலர்.
விற்றுத் தருகிற தளத்துக்கு அரைவாசி போனால்
ஒரு பனிமனிதன் எனக்கு
பன்னிரண்டரைச் சதம்.

பனியை நான்
குளிர்பெட்டியின் மேல்தட்டில்தான் கண்டிருக்கிறேன்.
கரண்ட் போன நாட்களில்
பழைய துணி போட்டு அதைத் துடைத்துமிருக்கிறேன்.
என்றாலும்
ஒக்டோபரில் பூசணிக்காய், டிசம்பரில் பனி,
பெப்ரவரியில் சிவப்பு இதயம்,
ஓடுகிற சரக்கு இதுதான்.
உப்புவெளியில், அலைச்சத்தம் கேட்கிற அறையில்,
விசிறியை மூன்றில் வைத்து
வியர்வை விழாமல் லப்டொப்பைச் சாய்த்துக்கொண்டு
கம்பளிக் கையுறைகளைச் சோடி சேர்க்கிறேன்.

ஒருமுறை ஆசையில்
சூடைமீன் வைத்துக் கழித்தல் செய்தேன்.
கூடையில் நாற்பது சூடை.
பூனை கொண்டுபோனது ஆறு.
பக்கத்து வீட்டு ஹிதாயா டீச்சருக்குப் பதினைந்து.
மீதி எத்தனை?
ஒரு வருடத்தில் இறக்கியவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் நான், திறக்கிறதா என்று பார்க்க.
மற்றவர் மூன்று நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்:
பூனை நன்று,
மீன்கள் ஏன் இவ்வளவு சிறிது?

காசு நேரே வராது.
கடை பிரம்ப்டனில் இருக்கும் பிரணவரூபனின் பெயரில்.
மாதக் கடைசியில் வட்ஸ்அப்பில் குரல் வரும்,
'மச்சாள், உங்கட பனி இந்த மாசம் நாப்பத்தொரு டொலர்.'
சம்பளம் முடிந்தும் மாதம் முடியாத நாட்களை
அந்தப் பனிதான் தள்ளிக் கொடுக்கிறது.
மிதுஷனாவின் ரியூசன் காசும்
அதற்குள்தான்.

போன வியாழக்கிழமை
ரியூசன் பையிலிருந்து அவள் ஒரு தாளை எடுத்தாள்.
'போட்டோக்கொப்பிக்கு இருவது ரூபா
நாளைக்குக் குடுக்கவேணுமாம்.'
தரம் ஐந்து, பின்னங்கள்.
ஒரு தோடம்பழம் எட்டாய் வெட்டப்பட்டிருந்தது.
தோடம்பழம் என்னுடையது.
சாய்ந்து கிடந்த கத்தியும் என்னுடையது.

தமிழில் நான் போட்டது ஒரேயொரு தொகுப்பு, நூற்றைம்பது ரூபா.
திருகோணமலையில் விற்றது ஒன்று.
வாங்கியது யாரென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைப்பில்
'சசிகரன் சேரின் புலமைப்பரிசில் விசேட வகுப்பு.'
அடியில் என் பெயர் இருந்த இடத்தில்
வெள்ளை மை பூசிய தடம்,
கொப்பியில் சாம்பலாய் விழுந்திருந்தது.
மூலையில் மானை அழிக்க மறந்துவிட்டார்.
பஸ் ஸ்ராண்டில் ரிக்கற் துண்டு தின்றுகொண்டு நின்ற
ஒற்றைக் காது மடிந்த மான்.
எல்லாத் தாளிலும் அதை எங்காவது
ஒளித்து வைப்பது என் வழக்கம்.

நூற்றிநாற்பது பிள்ளைகள், தலைக்கு இருபது.
இரண்டாயிரத்து எண்ணூறு என்று
கேட்காமலே பெருக்கித் தந்தது மனம்.
காதுமடல் சுட்டது.
அவர் வீட்டு வாசலில் நின்று கத்துவதற்கு
நல்ல நல்ல வசனங்கள் வந்தன.

அப்போதுதான் ஏழாம் கேள்வி கண்ணில் பட்டது.
மூன்றில் இரண்டும் நான்கில் ஒன்றும்.
விடை, தலைகீழாய், சின்ன எழுத்தில்:
பன்னிரண்டில் பத்து.
என் பிழை.
ஒரு கிழமைக்குள் திருத்தி ஏற்றிவிட்டேன்.
வாங்கியவர் மறுபடி இறக்கவில்லை.
பதினொன்று என்று சரியாய் எழுதியிருந்தாள் மிதுஷனா,
அதன்மேல் சேரின் சிவப்புக் கோடு.

'காசு தாறீங்களா அம்மா?'

கொடுத்தேன்.
அவள் படுத்த பிறகு சசிகரன் சேருக்கு எழுதினேன்.
திருட்டு என்ற சொல்லை மூன்று தரம் போட்டு
மூன்று தரமும் எடுத்தேன்.
கடைசியில் போனது இவ்வளவுதான்:
'ஏழாவது விடை பதினொன்று. புதுப் பதிப்பு இத்துடன்.
நாளைக்கே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.
மானின் சொந்தக்காரி.'

இரண்டு நீலக் குறி.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
இடையில் அல்பேர்ட்டாவில் யாரோ
கையுறை வாங்கினார்கள்.

பிறகு வந்தது.
காசைப் பற்றி ஒரு சொல் இல்லை,
மன்னிப்பும் இல்லை.
'சொல்லுறன் டீச்சர்.
எட்டாவதையும் ஒருக்காப் பாருங்கோ.'

பார்த்தேன்.
எட்டாவதும் பிழைதான்.